ஒரே அனிமே, நாட்டுக்கொரு வயது: முத்திரைகள் ஏன் ஒத்துப்போவதில்லை?

'டீமன் ஸ்லேயர்' என்ற அனிமே (ஜப்பானிய அசைவூட்டப் படைப்பு) வரிசையில் 2020-இல் வந்த 'முகேன் டிரெயின்' படத்துக்கு ஜப்பானில் பிஜி12 முத்திரை. பிரிட்டனிலும் தென் கொரியாவிலும் 15. அமெரிக்காவில் ஆர். எல்லா ஊரிலும் ஓடியது அதே ரயில், அதே அரக்கர்கள், அதே ரத்தம். ஆனால் தோக்கியோவில் தொடக்கப்பள்ளிப் பிள்ளை பெற்றோர் சம்மதத்துடன் பார்த்த படத்தை, லண்டனில் பதினான்கு வயதுப் பையன் அரங்குக்குப் போய்ப் பார்க்க முடியாது.

கோலாலம்பூரிலும் பினாங்கிலும் இருக்கும் நமக்குக் குழப்பம் இன்னும் ஒரு படி கூடுதல். பிள்ளை கைப்பேசியில் தேடிக் காட்டும் எண் பெரும்பாலும் அமெரிக்காவினுடையது. மிட் வேலியிலோ கர்னி பிளாசாவிலோ டிக்கெட் வாங்கும்போது தெரியும் எண் நம் தணிக்கை வாரியத்தினுடையது. சென்னையிலிருந்து உறவினர் அனுப்பும் டிரெய்லரில் இந்தியச் சான்றிதழ். வீட்டுத் தொலைக்காட்சியில் ஓடும் ஓடிடி தளம் தன் பங்குக்கு இன்னோர் எண்ணைப் போடுகிறது. நான்கும் நான்கு விதமாக இருந்தால் யாரோ தவறு செய்கிறார்கள் என்றுதான் தோன்றும். உண்மையில் யாரும் தவறு செய்யவில்லை. நால்வரும் வெவ்வேறு கேள்விக்குப் பதில் சொல்கிறார்கள், அவ்வளவுதான்.

எண்ணை விட முக்கியம், அது என்ன செய்கிறது என்பது

வயது முத்திரை என்றதும் நம் கண் எண்ணுக்குத்தான் போகும். ஆனால் 12, 15, 18 என்ற எண்களுக்குப் பின்னால் மூன்று வகையான கட்டளைகள் இருக்கின்றன.

1. ஆலோசனை. "இந்த வயதுக்குக் கீழே உள்ள பிள்ளை என்றால் பெற்றோர் யோசித்துக்கொள்ளுங்கள்" என்பதோடு சரி. ஜப்பானின் பிஜி12, அமெரிக்காவின் பிஜி, பிஜி-13 எல்லாம் இந்த வகை. அரங்கில் யாரும் தடுக்க மாட்டார்கள்.

2. துணையோடு அனுமதி. அமெரிக்காவின் ஆர் இப்படித்தான். 17 வயது ஆகாதவர் பெற்றோரோ பொறுப்புள்ள பெரியவரோ கூட வந்தால் உள்ளே போகலாம். பிரிட்டனில் 2002-இல் வந்த 12ஏ முத்திரையும் பன்னிரண்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கு இதே ஏற்பாடுதான்.

3. முழுத் தடை. பிரிட்டனின் 15, ஜப்பானின் ஆர்15+, சிங்கப்பூரின் என்சி16. அப்பா அம்மா கூடவே வந்து நின்றாலும் வயது ஆகவில்லை என்றால் டிக்கெட் கிடையாது.

இப்போது 'முகேன் டிரெயின்' கணக்கைத் திரும்பப் பாருங்கள். அமெரிக்காவின் ஆர்தான் ஆகக் கடுமையானது என்று தோன்றும், பதினேழு என்ற எண் பெரியதாயிற்றே. ஆனால் எட்டு வயது மகனை அப்பா கையைப் பிடித்து அழைத்துப் போனால் அமெரிக்காவில் படம் பார்க்கலாம். பிரிட்டனில் அது நடக்காது. ஆக, எண் பெரிதாக இருக்கும் நாட்டில் கதவு திறந்திருக்கிறது, எண் சிறிதாக இருக்கும் நாட்டில் அடைத்திருக்கிறது. ஒரு நாட்டு எண்ணை இன்னொரு நாட்டு எண்ணுக்குப் பக்கத்தில் வைத்து 'எது கண்டிப்பு' என்று ஒப்பிடுவது, ஜப்பானியக் கடையின் எல் சட்டையையும் அமெரிக்கக் கடையின் எல் சட்டையையும் போட்டுப் பார்க்காமலே ஒரே அளவு என்று வாங்கி வருவது மாதிரி.

முத்திரை குத்தும் கை யாருடையது?

மலேசியா, இந்தியா, சிங்கப்பூர் மூன்றிலும் இது அரசாங்க வேலை. இங்கே உள்துறை அமைச்சின் கீழ் இயங்கும் திரைப்படத் தணிக்கை வாரியம். இந்தியாவில் மத்தியச் சான்றிதழ் வாரியம், சிங்கப்பூரில் ஐஎம்டிஏ என்ற ஊடக ஆணையம். அமெரிக்காவில் 1968 முதல் திரைப்படத் தொழில்துறையே தனக்குத்தானே முத்திரை குத்திக்கொள்கிறது. அங்கே அது சட்டமல்ல, அரங்குகள் ஏற்றுக்கொண்ட நடைமுறை. பிரிட்டனில் படங்களுக்கு முத்திரை குத்தும் பிபிஎஃப்சி என்ற வாரியம் 1912-இல் திரைத்துறையினரே தொடங்கியது. அது அரசாங்கத் துறை இல்லை, ஆனாலும் அதன் முத்திரைக்குச் சட்ட ஆதரவு உண்டு.

ஜப்பானில் ஐரின் என்ற அமைப்பு. 1949-இல் தொடங்கியது, அரசாங்கத்தைச் சேராதது. ஜி, பிஜி12, ஆர்15+, ஆர்18+ என்ற இன்றைய நான்கு முத்திரைகளின் பெயர்கள் 2009-இல் வந்தவை. அரசாங்கம் குத்தும் முத்திரையில் 'நாட்டுக்கு இது நல்லதா' என்ற கேள்வி எப்படியும் நுழைந்துவிடும். தொழில்துறை குத்தும் முத்திரையில் 'எத்தனை டிக்கெட் போகும்' என்ற கவலை நுழையாமல் இருக்காது. ஜப்பானில் 'முகேன் டிரெயின்', 'ஜுஜுட்சு காய்சென் 0', 2025-இல் வந்த 'செயின்சா மேன்' ரெசே படம் மூன்றுக்குமே பிஜி12. அமெரிக்காவில் அதே மூன்றுக்கு முறையே ஆர், பிஜி-13, ஆர். ஜப்பானின் பிஜி12 ரொம்பவே தாராளமான கூடை என்பது என் எண்ணம். பதின்ம வயதினர் கூட்டம் கூட்டமாக வரும் படங்களை அதற்குமேல் ஏற்றினால் அங்கே வசூல் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

பிறந்த வீட்டிலேயே வயது எழுதாத தொடர்கள்

பலருக்குத் தெரியாத ஒரு விஷயம் உண்டு. குழப்பத்தின் வேரே அங்கேதான் இருக்கிறது. ஐரின் பார்ப்பது அரங்குக்கு வரும் படங்களை மட்டும். ஜப்பானியத் தொலைக்காட்சியில் ஓடும் அனிமே தொடர்களுக்கு, நாம் நினைக்கிற மாதிரியான வயது முத்திரை முறையே இல்லை. ஒளிபரப்பாளர்கள் தாங்களே கட்டுப்பாடு வைத்துக்கொள்கிறார்கள். புகார்களைக் கவனிக்க 2003-இல் பிபிஓ என்ற பொது அமைப்பு ஒன்று உருவானது. அதற்கும் வயது முத்திரை குத்தும் வேலை கிடையாது.

அப்படியானால் வயதுக்குரிய வேலியை அங்கே எது போடுகிறது? கடிகாரம்தான். சாயங்காலம் ஆறு, ஏழு மணிக்கு வருவது வீட்டுக்கு. நள்ளிரவை ஒட்டியும் அதற்குப் பிறகும் வருவது பெரியவர்களுக்கு.

இந்த ஏற்பாடு ஒரே நாளில் வந்ததில்லை. 'நியோன் ஜெனசிஸ் எவாஞ்சலியன்' 1995 அக்டோபரில் தொடங்கியபோது டிவி தோக்கியோவில் மாலை 6:30 மணிக்குத்தான் ஓடியது. மனச்சிதைவும் மரணமுமாகப் போன அந்தத் தொடரைப் பின்னர் நள்ளிரவில் மறு ஒளிபரப்புச் செய்தபோது நல்ல வரவேற்பு. அந்த நேரத்துக்கும் கூட்டம் இருக்கிறது என்று தொழில்துறைக்குப் புரிந்தது. 1998-இல் 'கௌபாய் பீபாப்' தொடரை அதே டிவி தோக்கியோ பாதியளவுதான் காட்டியது. இருபத்தாறு பகுதிகளும் முழுதாக ஓடியது வவ்வாவ் என்ற சந்தா அலைவரிசையில். அன்று முதல் கனமான கதைகள் நள்ளிரவுக்கு நகர்ந்தன.

நள்ளிரவு நேரத்திலும் எல்லாம் காட்டிவிட முடியாது. 2014-இல் வந்த 'டெர்ரா ஃபார்மர்ஸ்' தொடரின் தொலைக்காட்சி வடிவத்தில் வெட்டுப்படும் உடல்கள்மேல் கறுப்புத் திட்டுகளைப் போட்டு மூடியிருந்தார்கள். சில காட்சிகளில் திரையில் பாதி கறுப்பு, யார் யாரை அடிக்கிறார் என்றே தெரியாது. குளியல் காட்சி என்றால் வெள்ளை ஆவி, இல்லாவிட்டால் எங்கிருந்தோ ஓர் ஒளிக்கற்றை. இவையெல்லாம் பெரும்பாலும் டிஸ்க் வடிவத்தில் விலகிவிடும். அதாவது ஒரே தொடருக்கு ஜப்பானிலேயே இரண்டு உடல். வெளிநாட்டுத் தளம் வாங்கிப் போடுவது எந்த உடல் என்பதைப் பொறுத்து எண் மாறும்.

இப்போது இந்தத் தொடர் கோலாலம்பூருக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். கடிகார வேலி விமானம் ஏறாது. நள்ளிரவு ஒன்றரை மணித் தொடரை இங்கே ஒரு பிள்ளை பள்ளி விட்டு வந்ததும் மாலை மூன்று மணிக்கே தட்டிப் பார்க்கலாம். பிறந்த நாட்டு எண் ஒன்று இருந்தால் அதை ஒட்டிப் போகலாம், அதுவும் இல்லை. எனவே ஒவ்வொரு நாட்டிலும் யாரோ ஒருவர் புதிதாக உட்கார்ந்து ஒரு வயதைத் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது.

'ஷோனென்', அதாவது சிறுவர்களுக்கானது என்று போட்டிருக்கிறதே, அதுவே வயது முத்திரைதானே என்று கேட்பவர்கள் உண்டு. இல்லை. அது மூலக்கதையான மங்கா, அதாவது ஜப்பானியக் காமிக்ஸ், எந்த இதழில் வெளிவந்தது, அந்த இதழ் யாருக்கு விற்கிறது என்பதைச் சொல்லும் விற்பனைப் பிரிவு. மனிதர்களைக் கடித்துத் தின்னும் 'அட்டாக் ஆன் டைட்டன்' வெளிவந்ததும் ஒரு ஷோனென் இதழில்தான்.

ஒவ்வொரு நாட்டுக்கும் ஒவ்வொரு பயம்

மதிப்பிடுபவர்கள் நாற்காலியில் உட்காரும்போது கையில் ஒரு பட்டியல் இருக்கும். அந்தப் பட்டியலில் எது முதலில் இருக்கிறது என்பதுதான் விஷயம்.

அமெரிக்கப் பட்டியலில் வன்முறை, நிர்வாணம், கெட்ட வார்த்தை, போதைப்பொருள். 2007 முதல் புகைபிடித்தலும் கணக்கில் சேர்ந்தது. 'யுவர் நேம்' படத்துக்கு ஜப்பானில் எல்லாரும் பார்க்கலாம் என்ற ஜி. அமெரிக்காவில் பிஜி, சொன்ன காரணங்களில் புகைபிடித்தலும் ஒன்று. பிரிட்டனில் 12ஏ. ஆணும் பெண்ணும் உடல் மாறிக்கொள்ளும் கதையில் வரும் சில வேடிக்கைகள் ஜப்பானியக் குடும்பங்களுக்குச் சாதாரணம். வேறு இடத்தில் 'பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்க்கும்போது கொஞ்சம் நெளிவோம்' ரகம். 'ஒன் பீஸ்' தொடர் 2004-இல் அமெரிக்கச் சிறுவர்களுக்காகப் போனபோது சஞ்சி என்ற பாத்திரத்தின் வாயிலிருந்த சிகரெட்டை அழித்து லாலிபாப் வரைந்தார்கள். 'டிராகன் பால் இசட்' தொடரில் நரகக் காவலர்களின் சட்டையிலிருந்த 'ஹெல்' என்ற எழுத்தையே மாற்றி வரைந்த கதையும் உண்டு. அரக்கர்கள் குத்திக்கொள்வதைவிட சட்டையில் எழுதிய நரகம் பெரிய பிரச்சினையாகப் பட்டிருக்கிறது.

இதையெல்லாம் தூக்கிச் சாப்பிடும் உதாரணம் ஷின்-சான். ஜப்பானில் 1992 முதல் குடும்பம் உட்கார்ந்து பார்க்கும் நேரத்தில் ஓடும் தொடர். அமெரிக்காவில் 2006-இல் வசனத்தை மாற்றி, பெரியவர்களுக்கான அடல்ட் ஸ்விம் நேரத்தில் போட்டார்கள். அதே 2006-இல் இந்தியாவில் அது சிறுவர் அலைவரிசையில் வந்தது. பிள்ளைகள் அவனைப் பார்த்து எதிர்த்துப் பேசுகிறார்கள் என்று பெற்றோர் புகார் செய்ய, 2008-இல் தடை. பிறகு வெட்டி ஒட்டித் திரும்பி வந்தான். ஐந்து வயதுப் பையன் டவுசரை இறக்கி ஆடுவது ஓரிடத்தில் குறும்பு, இன்னோரிடத்தில் ஆபாசம், மற்றோரிடத்தில் மரியாதைக் குறைவு. இந்த மூன்றையும் ஒரே எண்ணில் அடைப்பது எப்படி?

சீனாவின் நிலை வேறு. அங்கே படங்களுக்கு வயதுவாரி முத்திரை முறையே இல்லை. அதனால் அனுமதி அல்லது தடை, நடுவில் ஒன்றும் கிடையாது. 2015 ஜூனில் 38 அனிமே தலைப்புகளை இணையத்தில் காட்டக் கூடாது என்று கலாச்சார அமைச்சு பட்டியலிட்டது. 'அட்டாக் ஆன் டைட்டன்', 'டெத் நோட்' இரண்டும் அதில் இருந்தன.

மலேசியாவில் நடப்பது

இங்கே அடிப்படை 2002-ஆம் ஆண்டின் திரைப்படத் தணிக்கைச் சட்டம். 1952-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது. வாரியத்தின் வழிகாட்டி நான்கு கண்ணாடி வழியாகப் படத்தைப் பார்க்கச் சொல்கிறது: பொதுப் பாதுகாப்பும் அமைதியும், சமயம், சமூகப் பண்பாடு, ஒழுக்கமும் நன்னடத்தையும். அமெரிக்கப் பட்டியலில் சமயத்துக்குத் தனி இடம் இல்லை. அனிமேவிலோ தெய்வங்கள், பேய்கள், சாத்தானோடு ஒப்பந்தம், தன்னைக் கடவுள் என்று சொல்லிக்கொள்ளும் வில்லன் இல்லாத வரிசையைத் தேடிப் பிடிக்க வேண்டும். ரத்தம் குறைவாக இருந்தும் இங்கே ஒரு கதை கனமாக எடைபோடப்பட இது ஒன்றே போதும். 2014-இல் மலாய் மொழி அல்ட்ராமேன் காமிக்ஸ் ஒன்றை உள்துறை அமைச்சு தடை செய்தது நினைவிருக்கலாம். ரத்தம் காரணமில்லை. அல்ட்ரா கிங் என்ற பாத்திரத்தை வருணிக்க 'அல்லாஹ்' என்ற சொல்லைப் பயன்படுத்தியதுதான் காரணம். அது தணிக்கைச் சட்டத்தின் கீழ் வந்ததும் இல்லை. புத்தகங்களுக்கும் மங்காவுக்கும் 1984-ஆம் ஆண்டின் அச்சக, வெளியீட்டுச் சட்டம் தனியாக இருக்கிறது.

நடுத்தர வயதுக்காரர்களுக்குப் பழைய முத்திரைகள் ஞாபகம் இருக்கும். 2010 வரை 18 என்பதோடு எழுத்துகளும் வந்தன. 18எஸ்ஜி என்றால் திகிலும் வன்முறையும், 18எஸ்எக்ஸ் என்றால் பாலியல் காட்சி, 18பிஏ என்றால் சமயம், அரசியல், சமூகம் சார்ந்த விவகாரம், 18பிஎல் என்றால் கலவை. பார்க்க அசிங்கமாக இருந்தாலும் ஏன் 18 என்று ஒரு பெற்றோருக்கு அது சொல்லியது. பிறகு எழுத்துகள் போய் எண் மட்டும் நின்றது. இப்போது யூ (எல்லாருக்கும்), பி12 (பன்னிரண்டுக்குக் கீழே பெற்றோர் வழிகாட்டல்), 13, 16, 18 என்ற வரிசை. 13-க்கும் 18-க்கும் நடுவே இருந்த பெரிய பள்ளத்தில் 16 வந்து உட்கார்ந்தது அனிமேவுக்கு ரொம்பப் பொருத்தம். இந்தப் படங்களில் பாதி அந்தப் பள்ளத்தில்தான் விழும். இந்தியாவும் 2023 சட்டத் திருத்தத்தில், பெற்றோர் வழிகாட்டலோடு பார்க்கலாம் என்ற யூஏ முத்திரையை 7, 13, 16 என்று மூன்றாகப் பிரித்தது அதே காரணத்துக்காகத்தான்.

சரி, ஒரு மலேசியக் குடும்பத்துக்கு அனிமே எந்தெந்த வழியில் வருகிறது?

1. அரங்கு. வாரியம் முழுப் படத்தையும் பார்க்கிறது. வெட்டாமல் அனுமதி, வெட்டி அனுமதி, மறுப்பு என்று மூன்றில் ஒரு முடிவு. ஒப்பாவிட்டால் விநியோகஸ்தர் மேல்முறையீட்டுக் குழுவுக்குப் போகலாம். இங்கே வயதைச் சரிபார்ப்பது சுலபம், பன்னிரண்டு வயதில் மைகார்டு கைக்கு வந்துவிடுகிறதே.

2. தொலைக்காட்சி. தரைவழி அலைவரிசைகளும் ஆஸ்ட்ரோவும் அதே தணிக்கை வட்டத்துக்குள். ஆனால் வீட்டில் யாரும் மைகார்டு கேட்பதில்லை. அதனால் முத்திரையை விட வெட்டுதான் அங்கே அதிகம் வேலை செய்கிறது.

3. இணையம். தணிக்கை வாரியத்தின் கை இங்கே எட்டுவதில்லை. 1998-ஆம் ஆண்டின் தொடர்பு, பல்லூடகச் சட்டம் இணையத் தணிக்கைக்கு வழிவிடுவதாகத் தன்னை அர்த்தப்படுத்தக் கூடாது என்று தானே சொல்கிறது. ஆபாசமான உள்ளடக்கத்துக்குத் தண்டனை உண்டு, தொழில்துறையின் உள்ளடக்கக் கோட்பாடு உண்டு. ஆனால் ஒவ்வொரு தொடரையும் உட்கார்ந்து பார்த்து எண் போடும் அதிகாரி இல்லை. ஆக, நெட்ஃபிளிக்ஸோ, அனிமேவுக்கென்றே இருக்கும் கிரஞ்ச்ரோல் தளமோ காட்டும் எண் அந்த நிறுவனத்தின் சொந்த மதிப்பீடு.

நிறுவனங்கள் இதை எப்படிச் செய்கின்றன என்பதும் தெரிந்துகொள்ள வேண்டியது. நெட்ஃபிளிக்ஸில் ஊழியர்கள் பார்த்து, வன்முறை எவ்வளவு, கெட்ட வார்த்தை எவ்வளவு என்று குறிச்சொற்கள் இடுவார்கள். அந்தக் குறிப்புகளைக் கணினி நாட்டின் விதிக்கேற்ப எண்ணாக மாற்றும். ஆஸ்திரேலியா 2016-இல் இந்த முறையை ஏற்றது. பிரிட்டனில் பிபிஎஃப்சி 2019-இல் இதற்காக நெட்ஃபிளிக்ஸுடன் கைகோத்தது. ஒரே ஆள் ஒரே தடவை பார்த்து எழுதிய குறிப்பு இரண்டு நாடுகளில் இரண்டு எண்ணாக வரலாம் என்பது இதிலிருந்தே விளங்கும்.

இன்னொன்று: அமெரிக்கத் தொலைக்காட்சியில் முத்திரை பகுதிக்குப் பகுதி மாறும். ஓடிடியில் முழுத் தொடருக்கும் ஓர் எண்தான் முகப்பில் நிற்கும். இருபத்து நான்கு பகுதிகள் சாதுவாகப் போய் ஒன்றில் மட்டும் கொடூரம் என்றால், அந்த ஒன்றை அந்த எண் எப்படிக் காட்டும்?

அப்புறம், பிள்ளைகள் அடிக்கடி காட்டும் மைஅனிமேலிஸ்ட் என்ற ரசிகர் இணையதளத்தின் 'பிஜி-13', 'ஆர் - 17+' குறிகள். பார்ப்பதற்கு அமெரிக்க முத்திரை மாதிரியே இருக்கும். அவை எந்தத் தணிக்கை அமைப்பும் கொடுத்தவை அல்ல, அந்தத் தளம் தானே போட்டுக்கொண்டவை.

இதனால் வரும் விளைவுகள்

பெரிய சிக்கல், வெட்டித் தாழ்த்திய முத்திரை. ஒரு படத்தை 18-லிருந்து 13-க்கோ 16-க்கோ இறக்க விநியோகஸ்தர் சில விநாடிகளைத் தியாகம் செய்யத் தயங்குவதில்லை. பிரிட்டனிலும் இது நடக்கிறது. வெட்டிய படத்துக்கு அந்த முத்திரை நியாயமானதே. ஆனால் சில மாதங்கள் கழித்து அதே தலைப்பு ஓடிடியில் வெட்டாமல் வந்தால், 'அரங்கிலேயே 13 போட்டிருந்தார்களே' என்ற நினைவு நம்மை ஏமாற்றும். முத்திரை தலைப்புக்கு உரியதல்ல, அரங்கில் ஓடிய அந்தப் பிரதிக்கு மட்டுமே உரியது.

மறுபக்கம், கூடுதல் கண்டிப்பும் செலவு வைக்கும். அரங்கில் தடை அல்லது நிறைய வெட்டு என்றால் ரசிகர்கள் கள்ளத் தளத்துக்குப் போவார்கள். அங்கே எந்த எண்ணும் கிடையாது. விளம்பரங்களோ அனிமேவை விட மோசம்.

வீட்டில் முடிவெடுக்க வேண்டியவர்களுக்கு நடைமுறையில் மூன்று கேள்விகள் போதும்.

1. இந்த எண்ணைப் போட்டது யார்? வாரியமா, தளமா, ரசிகர் இணையதளமா?

2. எந்தப் பிரதிக்கு? அரங்குப் பிரதியா, தொலைக்காட்சி வெட்டா, டிஸ்க் வடிவமா?

3. காரணம் என்ன? பிபிஎஃப்சி தன் தளத்தில் ஒவ்வொரு படத்துக்கும் காரணத்தை விரிவாக எழுதுகிறது. அமெரிக்க முத்திரையோடும் ஒரு வரி வரும். நம் வீட்டுக் கவலை ரத்தமா, பாலியலா, சாமி விஷயமா என்பதை வைத்து அந்த வரியைப் படித்தால், எண்ணைப் பார்த்துத் தெரிவதைவிட அதிகம் தெரியும்.

இதற்கு மேல், நெட்ஃபிளிக்ஸில் பிள்ளையின் கணக்குக்குத் தனியாக வயது வரம்பு வைக்கலாம், குறிப்பிட்ட ஒரு தலைப்பை மட்டும் மறைக்கவும் செய்யலாம், பெரியவர் கணக்குக்குப் பின் எண் போடலாம். அதைச் செய்யும்போது ஒன்றைக் கவனியுங்கள்: 13 என்று வரம்பு வைத்தால் அது அந்த நிறுவனத்தின் 13, நம் வாரியத்தின் 13 அல்ல. வாரா வாரம் ஒரு கொலை நடக்கும் 'டிடெக்டிவ் கோனான்' 1996 முதல் ஜப்பானில் குடும்ப நேரத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. நம் பிள்ளைகளும் அதை மலாய் குரலில் பார்த்து வளர்ந்தவர்கள்தான். அது உங்கள் வரம்புக்குள் வருகிறதா இல்லையா என்பதை வரம்பு வைத்த பிறகு ஒருமுறை தேடிப் பாருங்கள். அந்தத் தளத்தின் அளவுகோல் உங்கள் வீட்டு அளவுகோலிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்பது அங்கேயே தெரிந்துவிடும்.